தான்சானியா, அருஷாவுலேந்து அம்மாவுக்கு

அம்மா, நீ அத்தைகிட்ட சொல்லி எழுத வச்ச லெட்டர் கெடச்சுது. ரொம்ப நாளா எழுதலன்னு திட்டிருக்க, என்ன பண்றது, பரிட்ச பேப்பர் திருத்தியே பொழுது போயிடுது. ஆப்பிரிக்கான்னாலே வெயில்னு நெனைக்கிறீங்க, இங்க ஜூன் ஜூலைல ஸ்வெட்டர் இல்லாம வெளிய தல காட்ட முடியாது. சாப்பாடு பிரச்சன இல்ல. சோள மாவுல உகாலின்னு கிண்டுறாங்க, நம்ம களி மாதிரிதான், ஆனா உப்பு போட மாட்டாங்க. நீ குடுத்துவிட்ட ஊறுகா தீந்துடுச்சு, பரவால்ல.

பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா, எல்லாரும் பாபுன்னு கூப்புடுவாங்க. சஃபாரி வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவர், செரங்கெட்டில வெள்ளக்காரங்களுக்கு சிங்கம் காட்டியே இங்கிலீஷ் கத்துக்கிட்டார். "லயன் இஸ் ஸ்லீப்பிங் அண்டர் ட்ரீ"ம்பார், இங்கிலீஷ்ல பேருக்கு முன்னாடி போடுவமே, அந்த 'எ'யும் (a) கெடயாது 'த'வும் (the) கெடயாது. இப்ப பேரன் ஃபார்ம் ஒன், அதாவது நம்ம எட்டாவது மாதிரி, சேந்துருக்கான். இங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல ஏழாவது வரைக்கும் எல்லாம் இந்த ஊரு பாஷ ஸ்வாஹிலி, அப்பறம் திடீர்னு எல்லாம் இங்கிலீஷ், அதனால தாத்தாவும் பேரனும் சாயங்காலமானா என் வாசல்ல வந்து ஒக்காந்துடுறாங்க.

ஸ்வாஹிலில எ, த ரெண்டுமே இல்ல. நம்ம தமிழ்லயும்தான் இல்ல, அது எனக்கு வசதியாப் போச்சு. பாபு கத சொல்லும்போது சிங்கம் மொதல்ல வெறும் 'சிம்பா', அப்பறம் 'யுலே சிம்பா', நாம அந்த சிங்கம்னு சொல்றோமே அப்படி. இந்த யுலே வர்ற எடத்துல த போடுடான்னேன், பையன் டக்குனு புடிச்சுக்கிட்டான். இன்னொண்ணு கேளு, 'நிமெசோமா கிட்டாபு'ன்னா புக் படிச்சேன், நடுவுல ஒரு கி சேத்து 'நிமெகிசோமா கிட்டாபு'ன்னா புக்க படிச்சேன், எந்த புக்குன்னு கேக்கறவனுக்கும் தெரியும்னு அர்த்தம். லண்டன்லேந்து வாத்தியார் வந்தாலும் இதெல்லாம் தோணிருக்காது. சூரியன்கிட்டதான் மாட்டிக்கிட்டேன். இருக்கறதே ஒரு சூரியன், எதுன்னு யாரு கேக்கப்போறா, அதுக்கு எதுக்கு த-ன்னு பாபு கேக்குறார், நியாயம்தான. இப்ப வம்பே வேணாம்னு எல்லாத்துக்கும் த போடுறார், "த காட் இஸ் த குட்".

ஏழு மணிக்கு அவங்க வீட்டுலேந்து சாப்ட கூப்புடுவாங்க, ரெண்டு பேரும் எந்திருச்சு போயிடுவாங்க. அதுக்கப்பறம் வீட்டுக்குள்ள போகவே புடிக்கல அம்மா, நீ தோச வாக்குற சத்தம் கேட்டாக்கூட போதும்னு இருக்கு. சரி அத விடு.

சம்பளம் இந்த தடவ கொஞ்சம் தள்ளிப் போகுது, வந்ததும் அனுப்பறேன். அதுக்குள்ள செயினுக்கு வட்டிய மட்டும் மாமாகிட்ட வாங்கி கட்டிடு, ஏலத்துல விட்டுடப் போறாங்க. சித்தப்பா பத்திரத்த தூக்கிட்டு வந்தா அப்பா கையெழுத்து போட வேணாம், நான் பேசிக்கிறேன். காரைக்குடி ஜாதகம் என்னாச்சு? பையன் போட்டோவ தங்கச்சிகிட்ட மொதல்ல காட்டு, அப்பறமா அத்தைகிட்ட காட்டு.