ஹவுராக்கி வளைகுடாவில் பச்சைச் சிப்பிப் படுகையை மீட்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஆக்லாந்துக்குக் கிழக்கே விரியும் ஹவுராக்கி வளைகுடாவின் அடித்தரையில் ஒரு காலத்தில் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில் பச்சை உதட்டுச் சிப்பிகள் மூடிக் கிடந்தன. மாவோரி மக்கள் குக்கு என்று சொல்வது இதைத்தான். கடையில் நாம் வாங்கும் மஸலும் இதே இனம், வளர்ப்புக் கயிற்றில் விளைந்தது. 1910 வாக்கில் இரும்புக் கூடைகளைப் படகில் கட்டி இழுத்து அடித்தரையை வாரத் தொடங்கினார்கள். 1960களின் முடிவில், வாருவதற்குச் சிப்பி இல்லாமல் தொழிலே நின்றுபோனது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் படுகை திரும்பவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. சிப்பியின் இளம்புழு மூன்று முதல் ஐந்து வாரம் நீரில் மிதந்து அலைகிறது. பிறகு பற்றிக்கொள்ள அது தேடுவது மயிர் மயிராக இருக்கும் எதையாவது: மெல்லிய கடற்பாசி, வளர்ந்த சிப்பிகளின் நார்க் கொத்து. வாரி எடுத்தபோது அந்தப் பிடிமானமும் சேர்ந்து போய்விட்டது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் மிச்சத்தை மூடியது. பண்ணைச் சிப்பிகளைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவற்றில் பல ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆனால் அவற்றின் நடுவே குஞ்சுகள் வந்து ஒட்டுவது மிகக் குறைவு. குஞ்சு சேராத படுகை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். அதனால்தான் இந்தத் திட்டத்தில் சிப்பிக்கு மட்டுமல்லாமல், குஞ்சுகள் ஒட்டுவதற்கான கயிற்றுக்கும் செலவு செய்கிறோம்.

கயிற்றின் வழியைக் காட்டியது நியூசிலாந்தின் வடதீவிலுள்ள ஓஹிவா துறைமுகம். அங்கே 2007இல் சுமார் 11 கோடியாக இருந்த சிப்பிகள் 2019இல் 80,000 அளவுக்குச் சரிந்தன. வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் கடலியலாளர் குரா பால்-பர்க், அங்குள்ள மாவோரிக் குலங்களோடும் நெசவுக் கலைஞர்களோடும் சேர்ந்து, பிளாஸ்டிக் கயிற்றுக்குப் பதிலாக நாட்டுத் தாவர இழையில் திரித்த கயிறுகளைத் தொங்கவிட்டார். அவற்றில் குஞ்சுகள் ஒட்டின. எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது.

எங்கள் கயிறு தீ கோவுகா (கேபேஜ் ட்ரீ) மர இலையிலும் ஹராகெகெ (நியூசிலாந்து ஃபிளாக்ஸ்) இழையிலும் ஆனது. உப்புநீரில் ஹராகெகெயைவிடத் தீ கோவுகா நீடித்து உழைக்கும் என்பதால் நடுப்புரி அதில்தான். ஹராகெகெ அறுக்கும்போது நடுக்குருத்தையும் அதன் இருபுறமும் நிற்கும் தாய்-தந்தை இலைகளையும் தொடக் கூடாது. வெளி இலைகளை மட்டும், மழையில்லாத பகலில், வெளிப்புறம் சாய்த்து அறுக்க வேண்டும். குருத்தை வெட்டினால் அந்த இலை விசிறியே பட்டுப்போகும். மூன்று புரியாகத் திரிக்கும்போது இலை நுனிகளை உள்ளே மடக்காமல் வெளியே சிலிர்த்து நிற்க விடுகிறார்கள். வழவழப்பாகத் திரித்த கயிறு பார்க்க அழகு, ஆனால் குஞ்சு ஒட்டாது.

தேங்காய் நார்க் கயிறு ஆகாதா என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். ஆகும், குஞ்சும் ஒட்டும். ஆனால் இந்தக் கடலுக்குள் வெளிநாட்டுப் பொருள் எதுவும் இறங்க வேண்டாம் என்பது இங்குள்ள மாவோரிக் குலத்தாரின் முடிவு. கயிறு திரிக்கும் கைத்திறன் தங்கள் குடும்பங்களிலேயே நிலைக்க வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். கடல் அவர்களுடைய பொறுப்பு, முடிவும் அவர்களுடையது.

நான்கு மீட்டர் நீளத்தில் 60 கயிறுகள் தொங்கும். எந்தப் பிறையில் இறக்குவது என்று பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். அதற்கு முன் சோதனைப் பட்டைகளை இறக்கி, அவற்றில் ஒட்டிய புழுக்களை ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். முந்தி இறக்கினால் கொட்டலசும் கடற்குடுவைகளும் கயிற்றை முதலில் பிடித்துவிடும். அடிநுனி தரையிலிருந்து ஒரு மீட்டராவது மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் பதினொரு கை நட்சத்திர மீன் அதையே ஏணியாக்கி ஏறிக் குஞ்சுகளைத் தின்றுவிடும். அந்த மீனை வெட்டிப் போடுவதும் வீண், துண்டு மறுபடி வளரும். முக்குளிப்பவர் முழுதாக எடுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கும் தலைக்கயிறு மட்டும் செயற்கை இழை, ஏனென்றால் அது அறுந்தால் எல்லாமே போய்விடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம். இலைக்கயிறு மெல்ல மக்கி, சிப்பிகள் கொத்தாகக் கீழே விழும். கொத்தாக விழுந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வண்டலின் மேல் நிற்கும். தனித்தனியாக விழுந்தால் புதைந்துவிடும்.

கீழே காத்திருக்கும் படுகைக்கு 10 டன் வளர்ந்த சிப்பி வாங்குகிறோம்: சதுர மீட்டருக்கு 5 கிலோ வீதம் 2,000 சதுர மீட்டர். அறுவடை இயந்திரம் அவற்றின் பிடிநாரை அறுத்துவிடுவதால், ஈரச்சாக்கு போர்த்திக் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் மறுபடி பற்றிக்கொள்ளும் தெம்பு குறைந்துவிடும். அயற்பாசியான கௌலர்பா 2021இல் கிரேட் பேரியர் தீவில் கண்டறியப்பட்டது முதல் நங்கூரம், கயிறு, முக்குளிப்பு உடை என எல்லாவற்றையும் சோதித்துக் கழுவிய பிறகே படகு கிளம்புகிறது. ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் போதும், புதிய இடத்தில் பரவிவிடும்.

தேவை 48,000 நியூசிலாந்து டாலர். கயிறும் திரிப்போர் கூலியும் 9,000, சிப்பி 12,000, படகு, மிதவை, எடைக்கட்டைகள் 6,000, ஆய்வுக்கூடம் 3,000. மீதி 18,000, மிகப் பெரிய பங்கு, முக்குளிப்போருக்கு. 3, 6, 12, 24ஆம் மாதங்களில் அவர்கள் இறங்கி, அரை மீட்டர் சதுரச் சட்டத்தை அடித்தரையில் வைத்து, உள்ளே உயிரோடு எத்தனை, வெற்று ஓடு எத்தனை, குஞ்சு எத்தனை என்று எண்ணி அளப்பார்கள். படகிலிருந்து சிப்பி கொட்டும் படத்தைப் பார்த்துப் பணம் தரப் பலர் இருக்கிறார்கள். இந்த எண்ணிக்கைக்குத் தருவோர் குறைவு. ஆனால் இது இல்லாவிட்டால் சிப்பி நட்சத்திர மீனால் செத்ததா, வண்டலால் செத்ததா என்றே தெரியாது. அடுத்த முறையும் அதே இடத்தில் அதே தவறு நடக்கும். எனவே ஒதுக்கீடு எதுவும் குறிப்பிடாமல் வரும் பணம் முதலில் இதற்கே போகும்.

படுகையின் இடத்தை இங்கே எழுதவில்லை. எழுதினால் வாளியோடு வந்துவிடுவார்கள். ங்காட்டி பாவோவா என்ற மாவோரிக் குலத்தார் 2021 ஜனவரியில் வைஹெக்கே தீவைச் சுற்றி ஒரு கடல்மைல் தூரத்துக்கு பச்சைச் சிப்பி, ஸ்காலப் சிப்பி, பாவா எனும் கடல் நத்தை, சிங்கி இறால் ஆகிய நான்கையும் எடுக்கத் தடை விதித்தார்கள். அந்த ஆண்டிலேயே அரசும் அதைச் சட்டத் தடையாக்கியது. சுற்றுலா போகும் குடும்பங்கள் இதை அறிந்து நடந்தால் அதுவும் எங்களுக்கு உதவிதான்.

5 டாலர் முதல் எந்தத் தொகைக்கும் ரசீது தருகிறோம். மார்ச் 31க்குப் பிறகு ரசீதைக் காட்டி வரித்துறையிடம் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். அந்த ஆண்டு உங்களுக்கு வரிக்குரிய வருமானம் இருக்க வேண்டும்.

பணம் தர முடியாதவர்கள் இலை தரலாம். உங்கள் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கித் தொல்லை தருகிறதே, அதே தீ கோவுகா இலைதான். நீளமாக, கிழியாமல், பூஞ்சை இல்லாமல் இருப்பதைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, அடிப்பக்கம் ஒன்றாக வரும்படி கையளவு கட்டுகளாகக் கட்டிக் குழு உறுப்பினர்களிடம் சேர்ப்பியுங்கள். களைக்கொல்லி தெளித்த தோட்டத்து இலை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நிதிக்குழு