குசினியில் இருந்தவர்

அன்புள்ள அத்தைக்கு,

வாட்ஸப்பில் என்னை ப்ளாக் செய்திருக்கிறீர்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். போன மாதம் தாத்தாவைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த வருடம் தப்பு என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினீர்களே. அதனால் இங்கேயே எழுதுகிறேன். கூடவே நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காகச் சில இடங்களில் சொல்லை விழுங்குவேன். உங்களுக்குப் புரியும்.

இன்று நவம்பர் 1, 2024. புதுச்சேரி பீச் ரோட்டில் விடுதலை நாள் கொடியேற்றம், எழுபது வருடம் ஆகிறது. 1954இல் இங்கே மூவண்ணக் கொடி ஒன்று இறங்கி இன்னொன்று ஏறிய அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து முதல் குண்டுகள் வெடித்தன. நமக்குக் கீழூரில் 178 பிரதிநிதிகள் இந்தியாவோடு சேர்வதா என்று ஓட்டுப் போட்டுக் கணக்கை முடித்தார்கள். அவர்களுக்கு ஏழரை வருடம் ஆயிற்று. ஊரை விட்டு பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவன் சட்டையைக் கழற்றாமல் தாத்தா அங்கே போய் நின்றார். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நாளை கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடித்தாயிற்று, செவ்வந்தி மாலைக்குச் சொல்லியாயிற்று. உங்கள் பேரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன்.

முதலில் மன்னிப்பு. அந்தப் படத்தை நான் தாத்தாவுக்குப் போட்டிருக்கக் கூடாது. அவரே கேட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. 83 வயது மனிதர், மதியம் தூங்கி எழுந்து சும்மா உட்கார்ந்திருந்தார். நான்தான் பென்டிரைவை டிவியில் சொருகினேன். அல்ஜீரியப் போரைப் பற்றிய 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படம் வந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது, அதைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். வீட்டிலேயே ஒரு சொல்தா, பிரெஞ்சுச் சிப்பாய், இருக்கும்போது புத்தகத்தை எதற்குப் புரட்டவேண்டும் என்ற புத்தி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நமக்கெல்லாம் என்ன சொல்லி வளர்த்தார்கள்? "தாத்தா அல்ஜீரியாவில குசினியிலதான் இருந்தாரு. துப்பாக்கியத் தொட்டதே இல்ல." நீங்கள் சொன்னீர்கள், அப்பா சொன்னார், பாட்டியும் சொன்னார். ஜூலை 14க்கு மெடல் குத்திக்கொண்டு பீச் ரோட்டுப் போர் நினைவிடத்துக்குக் கிளம்பும்போது மட்டும் அவர் சொல்தா. மற்ற நாளெல்லாம் குசினிக்காரர், சமையல்கட்டு ஆள்.

படம் தொடங்கிய உடனே அந்தக் காட்சி வரும். அடித்துத் துவைத்த ஒரு ஆள், அரை உடம்பில் துணியில்லாமல் நடுங்கிக்கொண்டு நிற்பான். மறைந்திருக்கிறவன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டான், அதனால் இனி அடி இல்லை. சுற்றி நிற்கிற பட்டாளத்துக்காரர்கள் அன்பாகப் பேசுவார்கள், குடிக்கக் காப்பி கொடுப்பார்கள். அப்புறம் தங்கள் சீருடையையே அவனுக்குப் போட்டுவிட்டு, வழிகாட்ட இழுத்துக்கொண்டு போவார்கள்.

தாத்தா டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "சூடாக் குடுக்கக் கூடாது. கை நடுங்கும், மேல கொட்டிக்குவான். ஆற வச்சிதான் எடுத்துட்டுப் போவணும்."

ஏதோ குழந்தைக்குப் பால் ஆற்றுவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லும்போது வலது கை, டம்ளரைப் பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தது. கட்டைவிரல் விளிம்பில், மற்ற நாலும் அடியில். அந்தக் கையைத்தான் ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, பொய் இல்லை அத்தை. குசினியில்தான் இருந்தார்.

அதற்குப் பிறகும் படம் முழுவதும் பார்த்தார். நான் நிறுத்தவா என்று கேட்டேன், கையை ஆட்டி வேண்டாம் என்றார். கர்னலாக வருகிற ஜான் மார்ட்டினைப் பார்த்து, "இவன் அசல் கொலோனெல்தான்" என்றார். நிஜத்தில் அந்த மனிதர் அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960இல் வந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட 121 பேரில் ஒருவர் என்று சொன்னேன். நம்பவில்லை. சாதி யாசெஃப் என்கிற நிஜப் போராளியே தன்னை மாதிரி ஒரு பாத்திரத்தில் நடித்திருக்கிறார் என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை, "எங்களக் காணோமே" என்றார். ஆமாம், நம்மூர் ஆள் மாதிரி ஒரு சொல்தா கூட அந்தப் படத்தில் என் கண்ணில் படவில்லை. அதற்காக வருத்தப்பட்டாரா நிம்மதிப்பட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில், 1960 டிசம்பரில் ஜனங்கள் தெருவுக்கு வருவார்கள். அல்ஜியர்ஸின் பழைய நகரான கஸ்பா முழுக்கப் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தச் சத்தம் தொடங்கியதும் ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கி மியூட் செய்தார். குண்டு வெடிக்கிற இடத்தில் செய்யவில்லை, அடி உதையில் செய்யவில்லை. அங்கே செய்தார்.

ஆடி மாதம் எதிர்த் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பெண்கள் குலவை போட்டால் அவர் ஜன்னலைச் சாத்துவாரே, ஞாபகம் இருக்கிறதா? வேதக்காரர், அதனால் பிடிக்கவில்லை என்று நினைத்தோம். எத்தனை சண்டை வந்தது அதற்காக அக்கம்பக்கத்தோடு.

அன்று ராத்திரி இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். அவற்றை இங்கே எழுத மாட்டேன். ஒன்றில் ஒரு இடத்தின் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் ஒரு ஆளின் வயது இருக்கிறது. அவ்வளவுதான்.

ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தார். "படத்தைப் போட்டு எங்க அப்பாவச் சாகடிச்சிட்ட" என்று சாவு வீட்டில் வைத்துச் சொன்னீர்கள். டாக்டர் கிட்னி என்றார், நீங்கள் படம் என்றீர்கள். அந்த ஐந்து மாதமும் அவர் சரியாகத் தூங்கவில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் படம் பார்த்த மறுநாளே போன் செய்தீர்களே, அப்போது முதல் கேள்வி என்ன கேட்டீர்கள்? ஏன்டா காட்டினாய் என்றா? "எவ்ளோ சொன்னாரு?" என்று கேட்டீர்கள்.

அப்படியென்றால் அளவு உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அதுதான் ஆறவில்லை. ஐம்பது வருடம் அந்த மூட்டையை நீங்களும் பாட்டியும் பங்குபோட்டுச் சுமந்துவிட்டு, எடை தெரியாமல் கை வைத்தவனைக் கொலைகாரன் என்றீர்கள். நீங்கள் குடியேறின தேசமும் அப்படித்தானே. வெனிஸ் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கு முதல் பரிசான தங்கச் சிங்கம் கொடுத்தபோது பிரெஞ்சுக் குழு எழுந்து வெளியே போனது. பிரான்சில் பல வருடம் திரையிடவே முடியவில்லை. நடந்ததைப் 'போர்' என்று சட்டத்தில் எழுத 1999 ஆயிற்று. அதுவரைக்கும் 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கை'. நம் வீட்டில் குசினி.

சரி, நானும் யோக்கியன் இல்லை. படத்தில் அந்தக் கர்னல் பத்திரிகைக்காரர்களிடம் திருப்பிக் கேட்பார்: பிரான்ஸ் இங்கே இருக்கவேண்டுமா? ஆமாம் என்றால் அதற்கு என்னென்ன ஆகுமோ அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் எனக்கு என் காலேஜ் ஃபீஸ் ஞாபகம் வந்தது. நாலு வருடமும் தாத்தாவின் பென்ஷன். அதை வாங்கிக்கொண்டு படித்தவன்தான் இன்று உட்கார்ந்து காலனியாதிக்கம் பற்றி எழுதுகிறேன். இதை நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று என் போன் டீப்பாயில் கவிழ்ந்து கிடந்தது. ரெக்கார்டு ஆகிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. 41 நிமிடம் இருக்கிறது. படத்தின் சத்தத்தோடு கலந்து, சில இடம் கேட்காது. கடைசியில் பாட்டிக்குப் பிடித்த மீன் குழம்பு எப்படி வைப்பது என்று பத்து நிமிடம் சொல்கிறார், அது மட்டும் தெளிவாக இருக்கிறது. சிரிக்கவும் செய்கிறார். ஐந்து மாதத்தில் போன மனிதர் மாதிரியே இல்லை.

அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பினீர்கள். இன்று மத்தியானம் தாத்தா சீருடையில் இருக்கும் போட்டோவை எடுத்துவிட்டேன். கட்டுரை இருக்கும். ரெக்கார்டை நான் போடப்போவதில்லை, யாருக்கும் கொடுக்கப்போவதுமில்லை. முதலில் நீங்கள் கேட்கவேண்டும், அப்புறம் வைப்பதா அழிப்பதா என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் அவர் பெண், நான் பேரன்தானே.

நாளை கல்லறையிலிருந்து வந்து சாப்பிட்டு முடிக்க ராத்திரி பத்து ஆகும். உங்கள் ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்தரை. அந்த நேரத்துக்கு மட்டும் ப்ளாக்கை எடுங்கள் அத்தை. அனுப்பிவிடுகிறேன். அப்புறம் வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.