மோர் கூட இல்லாத சாப்பாட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளை பிறந்த சேதி கேட்டு வந்து பார்த்தவர்களுக்கு அப்போதே நன்றி சொல்லியாகிவிட்டது. இது அதற்கப்புறம் நடந்ததற்கு. என் மகளுக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகம் வந்ததிலிருந்து பால், தயிர், மோர், நெய், பன்னீர் எதையும் தொடாமல்தான் அவளுக்குத் தாய்ப்பால் கொடுத்துவருகிறேன். விடிவதற்கு முன்னே வாசலில் ஆவின் பாக்கெட் வந்து விழும் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் இதெல்லாம் ஒருத்தியால் ஆகிற காரியமில்லை.

முதல் நன்றி மாடி வீட்டு அக்காவுக்கு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை முதுகை வளைத்துக்கொண்டு வீறிடுவாள். மலம் சளிசளியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அதில் சிவப்பாக, நூல் மாதிரி ரத்தம். பதறிப்போய்த் துணியை அலச எழுந்தவளை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "அலசிடாதம்மா. ஒரு போட்டோ எடு. துணியையும் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போ. நீ வாயால சொல்றதைவிட டாக்டர் கண்ணால பாக்கட்டும்" என்றார்.

நாங்கள் முதலில் போன இடத்தில் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டப்பா பால் கொடுங்கள் என்றார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண டப்பா மாவே பசும்பாலில் செய்ததுதான்! தாய்ப்பால்தான் சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என 1992லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்குத்தான் நிறையக் கடமைப்பட்டிருக்கிறேன். துணியைப் பார்த்ததும் அவர் முடிவு கட்டிவிடவில்லை. பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு வருகிறதா, உதடு வீங்குகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று மலப் பரிசோதனைக்கு எழுதினார். எடை நன்றாக ஏறியிருந்ததைக் காட்டி, முதலில் என்னை மூச்சு விடச் சொன்னார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். நான் குடிக்கும் பாலின் புரதம் கொஞ்சம் என் ரத்தம் வழியாகத் தாய்ப்பாலுக்கும் வருகிறது. சில குழந்தைகளின் குடலுக்கு அந்தக் கொஞ்சமே ஆகாது. உடனே தடிப்போ வீக்கமோ வராத இந்த வகையை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது, அதனால் அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றார். வழி ஒன்றுதான்: இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலை அடியோடு நிறுத்திப் பார்ப்பது, பிறகு மறுபடி குடித்துப் பார்ப்பது. "சீட்டுல சந்தேகம்னுதான் எழுதியிருக்கேன். அதை நீங்களே அலர்ஜின்னு மாத்திடாதீங்க" என்றார்.

லாக்டோஸ் ஆகவில்லை என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கு அவர் தந்த பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது தாய்ப்பாலிலேயே தாராளமாக இருக்கிறது. நான் என்ன பத்தியம் இருந்தாலும் குறையாது. நாட்டு மாட்டுப் பால் குடி, ஆட்டுப்பால் குடி என்று சொன்னவர்களுக்கும் நல்ல மனசுதான். ஆனால் ஆடு, எருமை, நாட்டு மாடு எல்லாவற்றின் பாலிலும் புரதம் ஏறக்குறைய ஒரே சாயல். அதனால் அதுவும் இல்லை என்று ஆயிற்று.

சரி, வீட்டுக்கு வருவோம். பால் குடித்தால்தான் பால் ஊறும் என்று நம்பி மூன்று பிள்ளை வளர்த்தவர் என் அத்தை, அதாவது மாமியார். ராத்திரி பூண்டுப் பால் கொடுக்காமல் படுக்கப் போகமாட்டார். அவரிடம் இதைச் சொல்லப் பயந்து இவரைத்தான் அனுப்பினேன். அத்தை கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "அப்ப அந்த லேகியம்?" என்று குரல் வந்தது. பிரசவ லேகியம்! எனக்குத் தோன்றவே இல்லை. அது நெய்யில் கிளறியது. பெரிய டப்பா நிறைய இருந்ததை அப்படியே எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் மறுபடி இடித்து, கருப்பட்டிப் பாகு வைத்து, நல்லெண்ணெய் மட்டும் ஊற்றிக் கிளறினார். நெய்யில்லாமல் பதம் வராது என்று கடைசிவரை முனகிக்கொண்டேதான் கிளறினார். பதம் வந்தது. தன் மகனுக்கு நெய் தோசை ஊற்ற இன்னொரு கல் வாங்கி, என் கல்லைத் தனியாக ஆணியில் மாட்டிவைத்தார். என் பருப்புப் பொடி சாதத்துக்கு நல்லெண்ணெய். ரசத்துக்கு எண்ணெயில் தாளிப்பு. அத்தை, பூண்டுப் பால் இல்லாமலும் பால் ஊறியது. அதை நீங்களே நாலு பேரிடம் சொன்னதையும் கேட்டேன்.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கு என் வீட்டுக்காரர் சார்பில் நன்றி. சாயங்கால நெரிசலில் கடையை மறித்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் படித்துக்கொண்டிருப்பார் இவர். பால் இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகப் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆனால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் என்று பல பெயரில் ஒளிந்திருக்கும். "பரீட்சைக்காய்யா படிக்கிறீரு?" என்று கேலி செய்த அண்ணாச்சி, அப்புறம் விவரம் தெரிந்ததும் பால் சேராத பிஸ்கட்டாகப் பார்த்து எங்களுக்கென்று எடுத்துவைத்தார். பிரெட்டில் பால் பவுடர் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தான்.

காசிமேட்டிலிருந்து கூடை எடுத்துவரும் மீன்காரம்மாவுக்கும் ஒரு பெரிய கும்பிடு. பாலை விட்டதும் எனக்குக் கால்சியம் குறையக்கூடாது என்று டாக்டரம்மா மாத்திரையும் வைட்டமின் டியும் எழுதியிருந்தார். பால் கொடுக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 வருகிறது என்பதால் காலையில் கூழ், ராத்திரி அடை. மிச்சத்துக்கு இந்த அம்மா பொறுப்பேற்றுக்கொண்டார். "பால் இல்லாட்டி இன்னாமா? நெத்திலிய முள்ளோட மெல்லு" என்று சொல்லி, கூடையில் எனக்கெனப் பொடி நெத்திலி ஒதுக்கிக் கொண்டுவருவார். சுறா கிடைத்த நாளில் புட்டுக்கும் கொடுப்பார். முட்டை, கோதுமை, வேர்க்கடலை என்று எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடாதே, நீ வாடிப்போவாய் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னதை எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்ததும் இவர்தான்.

அலுவலகத்துக் கீழே கடை வைத்திருக்கும் டீ மாஸ்டர், கேட்காமலேயே தனி டம்ளரில் சுக்கு காபி தருகிறார். அவருக்கும் நன்றி.

ரத்தம் நின்றது. அழுகையும் அடங்கியது. இங்கேதான் எல்லோருக்கும் சோதனை வந்தது, ஏனென்றால் டாக்டரம்மா மறுபடி பால் குடிக்கச் சொன்னார். "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு வம்பு?" என்றார் இவர். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மூன்று நான்கு மாதம் ஆகும்போது வயிற்று வலி அழுகை பல குழந்தைகளுக்குத் தானாகவே அடங்கிவிடும். பாலை நிறுத்தியதால்தான் சரியானது என்று சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? காரணமில்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் இருக்க வேண்டாம் என்றுதான் அவர் வற்புறுத்தினார். மகளுக்கு உடனடித் தடிப்போ வீக்கமோ வந்ததில்லை என்பதால் வீட்டிலேயே பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்படி வருகிற குழந்தைகளுக்கு இதை வீட்டில் செய்யவே கூடாது.

அத்தை அரை டம்ளர் பாலை ஆற்றிக் கையில் கொடுத்தபோது எனக்கு வேண்டாத மருந்தைக் குடிப்பது போல இருந்தது. மாடி வீட்டு அக்கா தினமும் இறங்கி வந்து துணியைப் பார்த்தார். சில நாளில் அந்தச் சிவப்பு நூல் திரும்ப வந்தது. அழுகை வந்தாலும் உள்ளுக்குள் ஒரு தெளிவும் வந்தது. சீட்டில் இருந்த சந்தேகத்தை டாக்டரம்மா அன்றைக்குத்தான் அடித்துத் திருத்தினார்.

இப்போது மகள் கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் சாப்பிடுகிறாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதிலோ அதற்குக் கொஞ்சம் பின்னேயோ இது சரியாகிவிடும் என்கிறார்கள். பிறந்தநாள் ஒட்டி, டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு மறுபடி பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் காதுகுத்து இருக்கிறது. எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். பாயசம் தேங்காய்ப்பாலில், சாப்பாட்டில் தயிருக்குப் பதில் இன்னொரு முறை ரசம். பால்கோவா மட்டும் யாரும் வாங்கிவர வேண்டாம். அத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து
உங்கள் வீட்டுப் பெண்