22 நிமிடத்தில் தீராத கடன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க சிட்காம்களில், அதாவது டிவி நகைச்சுவைத் தொடர்களில், அவ்வப்போது வரும் கதைதான் இது. 16 வயதுப் பையன் காரை எங்கேயோ கொண்டுபோய் மோதிவிடுவான், அப்புறம்தான் தெரியும் இன்சூரன்ஸ் இல்லை என்று. பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் எகிறிவிடும் என்று பெற்றோர் தள்ளிப்போட்டிருப்பார்கள், அல்லது தவணையே கட்டியிருக்க மாட்டார்கள். பணக்கஷ்டத்தை மறைக்காமல் காட்டுவதால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் 22 நிமிட எபிசோடுக்குள் சண்டை, அழுகை, சமாதானம், முடிந்தது. அடுத்த வாரம் அந்தக் கடனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிஜத்தில் அது அப்படிப் போகாது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் கட்டாய இன்சூரன்ஸின் குறைந்தபட்ச அளவே ஒருவருடைய காயத்துக்கு 30,000 டாலர், பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். அதுகூட இல்லாமல் மோதினால் தொகை குடும்பத்தின் தலையில்தான் விழும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் லைசென்ஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கும் அங்கே சட்டப்படி பொறுப்பு உண்டு. லைசென்ஸையும் நிறுத்திவைப்பார்கள், பஸ் இல்லாத ஊரில் காரும் ஓட்ட முடியாமல் வேலைக்கு எப்படிப் போவது?

இன்னொன்று மனதை உறுத்துகிறது. எதிரே வந்த காரில் இருந்தவருக்கு என்ன ஆனது? அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, செலவை யார் கொடுத்தார்கள்? அவரைப் பெரும்பாலும் திரையிலேயே காட்டுவதில்லை. கதை எழுதுகிறவர்கள் அவருக்கும் ஒரு காட்சி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்