இணைந்த கணிதத்தை விடுவதா? நண்பனுக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கட்டார் வெயிலிலும் சுகமாக இருக்கிறாய் என்று அறிந்தது மனதுக்கு ஆறுதல். இங்கே மாரி கழிந்து பனியும் விட்டுவிட்டது. உங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை இலை தெரியாமல் பூத்து நிற்கிறது. காற்று பிழைக்காவிட்டால் நீ லீவில் வரும்போது பழம் இருக்கும்.

இனிப் பிள்ளையின் விஷயம். உயர்தரக் கணிதப் பிரிவில், தரம் 12 முதலாம் தவணையில் இணைந்த கணிதத்துக்கு 28 புள்ளி, விட்டுவிட்டுப் பயோவுக்கு, அதாவது உயிரியல் பிரிவுக்குப் போகப் போகிறேன் என்று அழுகிறாள், என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். அந்த 28 ஐ மட்டும் வைத்து முடிவெடுக்காதே. மிச்சம் 72 எங்கே போனது என்று பார். அதைப் பார்க்கவும் திருத்தவும் 6 கிழமை கொடு. அதற்கு மேல் இழுக்கவும் வேண்டாம், ஏனென்றால் பிந்தினால் மாறவும் வழி இருக்காது.

சாதாரண தரக் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை முதல் தவணையில் இப்படி விழுவது இங்கே வருடா வருடம் நடக்கிறது. இருபடிச் சார்பு, பல்லுறுப்பி, மீதித் தேற்றம், பகுதிப் பின்னம், சமனிலி, திரிகோணகணிதம், அதோடு காவியும் (திசையும் அளவும் உள்ள கணியம்) விசைகளும் என்று எல்லாம் முதல் சில மாதத்துக்குள் வந்து விழும். சாதாரண தரத்தில் அட்சரகணிதம் கொஞ்சம் தளம்பினாலும் மற்றக் கேள்விகளில் ஏ எடுக்கலாம். இங்கே அந்த அட்சரகணிதம்தான் தினமும் கையில் இருக்கவேண்டிய ஆயுதம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், அவளிடம் கொடுத்துப் பார். எக்ஸ் சக (கூட்டல்) 3 ஐ எக்ஸ் சய (கழித்தல்) 1 ஆல் வகுத்தால் 2 ஐ விடப் பெரிது. எக்ஸ் எந்த வீச்சில் இருக்கும்? பெரும்பாலான பிள்ளைகள் கீழே இருக்கும் எக்ஸ் சய 1 ஐத் தூக்கி மற்றப் பக்கம் பெருக்கி, எக்ஸ் 5 ஐ விடச் சிறிது என்று முடித்துவிடுவார்கள். எக்சுக்குப் பூச்சியம் போட்டுப் பார்: மேலே 3, கீழே சய 1, விடை சய 3. அது 2 ஐ விடப் பெரிதல்ல, ஆனால் பூச்சியம் 5 ஐ விடச் சிறிதுதானே. பிழை எங்கே? கீழே உள்ளது மறையாக இருந்தால் பெருக்கும்போது சமனிலியின் குறி திரும்பும், அதைப் பார்க்கவில்லை. 2 ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கினால் 5 சய எக்ஸ் மேலே, எக்ஸ் சய 1 கீழே. அது பூச்சியத்தை விடப் பெரிது. ஆகவே எக்ஸ் 1 க்கும் 5 க்கும் இடையில். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் ஒரு வினாவின் பெரும்பகுதி புள்ளி போகும். இது மூளைக் குறைபாடு இல்லை. காட்டிக்கொடுத்தால் இரண்டு நாளில் திருந்தும்.

இணைந்த கணிதத்தின் மற்றப் பாதியான பிரயோக கணிதத்தில் பிழை வேறு மாதிரி. ஒப்பமான, அதாவது உராய்வில்லாத, சாய்ந்த ஆப்பின் மேல் துணிக்கை வழுக்கும் கணக்கை எடு. ஆப்பும் தளத்தில் பின்னே நகரும். பிள்ளை துணிக்கையின் ஆப்புச் சார்பான ஆர்முடுகலை (வேகம் மாறும் வீதத்தை) மட்டும் போட்டு விசைச் சமன்பாடு எழுதிவிடும். ஆப்பின் ஆர்முடுகலுக்குச் சாய்வு வழியே ஒரு கூறு இருக்கிறது, அதைக் கழித்தால்தான் சாய்வு வழியே துணிக்கையின் உண்மையான ஆர்முடுகல் வரும். படத்தைப் பெரிதாகக் கீறி, ஆர்முடுகல்களை ஒரு படத்திலும் விசைகளை இன்னொரு படத்திலும் குறித்தால் இந்தப் பிழை வராது. ஒரே சின்னப் படத்தில் எல்லாவற்றையும் திணிக்கிற பிள்ளைக்குத்தான் வரும்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்விக்கச் சொல். முதல் ஞாயிறு காலை, சாதாரண தர அட்சரகணிதத்தில் 20 கணக்கு, 40 நிமிடம்: காரணிப்படுத்தல், அட்சரகணிதப் பின்னம், வர்க்கப் பூர்த்தி, எழுவாய் மாற்றல், சுட்டியும் மடக்கையும். 15 க்கு மேல் சரியானால் அத்திவாரம் இருக்கிறது. 10 க்குக் கீழே என்றால் முதல் 3 கிழமையும் தினம் ஒரு மணித்தியாலம் அதற்கே போகட்டும், புதுப் பாடத்துக்கு அவசரப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு அதே தவணைப் பேப்பரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல், கொப்பியைத் திறந்து வைத்துச் செய்யட்டும். அப்படிச் செய்து 60 வந்தால் அவளுக்குப் பாடம் விளங்குகிறது, வேகமும் ஞாபகமும்தான் இல்லை. கொப்பி இருந்தும் 35 என்றால் பாடமே விளங்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

மிச்சக் கிழமைகளில் தினம் 5 குறுவினா. பழைய பேப்பர் எடுத்து, செய்து முடித்த பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்து அவளே திருத்தவேண்டும். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று அதில் தெரியும். விடை பிழைத்தாலும் வழிக்குப் புள்ளி உண்டு என்பதை அவள் கண்ணால் காணவேண்டும். வெற்றுத் தாளாக விடுகிற பயம் அப்போதுதான் போகும்.

ரியூசனைப் பற்றியும் சொல்லாமல் விடேலாது. பள்ளி முடிய ஒரு வகுப்பு, சனி ஞாயிறு இன்னொரு இடத்தில் தியறி, அதற்குமேல் பேப்பர் கிளாஸ் என்று உன் மனைவி சொன்னா. மூன்று பேர் மூன்று வேகத்தில் மூன்று அலகு படிப்பிக்க, பிள்ளை வடிவாகக் கொப்பி எழுதுகிறாள், தன் கையால் கணக்குச் செய்ய நேரமே இல்லை. பலகையில் பார்த்து விளங்குவதும் வெற்றுத் தாளில் தனியே செய்வதும் ஒன்றல்ல. ஒரு வகுப்பை நிற்பாட்டு. அந்த நேரம் மேசையில் போகட்டும். நாளுக்கு இரண்டு மணித்தியாலமாவது சொந்தமாகச் செய்யாமல் இந்தப் பாடம் யாருக்கும் வராது.

பரீட்சையின் அமைப்பும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூய கணிதம் ஒரு பேப்பர், பிரயோக கணிதம் ஒரு பேப்பர், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். பகுதி ஏயில் 10 வினா, தலா 25 புள்ளி, எல்லாம் செய்யவேண்டும். பகுதி பீயில் 7 இல் 5, தலா 150. குறுவினாவுக்கு 6 நிமிடமும் பெருவினாவுக்கு 24 நிமிடமும் என்றால் 180 நிமிடம் சரி. குறுவினாவுக்கு 9 நிமிடம் எடுத்தால் 30 நிமிடம் போய்விடும். அது முழுதாய் ஒரு பெருவினாவின் நேரத்தை விடக் கூட. ஒவ்வொரு பேப்பரிலும் இரண்டு பெருவினா விடலாம் என்பதால், ஓர் அலகு வராததற்காக முழுப் பாடத்தையும் விடத் தேவையில்லை. பிரயோகத்தில் நிகழ்தகவும் புள்ளிவிபரமும் நிதானமான பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

இன்னொன்று, பயோவில் புள்ளி கூட வரும் என்ற கணக்கு. பல்கலைக்கழகம் பார்ப்பது இசற் புள்ளியை (Z-score). புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் பரந்திருக்கும் அளவால்) வகுப்பார்கள். விளங்குவதற்காக எண் போடுகிறேன்: ஒரு பாடத்தில் சராசரி 36, நியம விலகல் 20, பிள்ளை எடுத்தது 56. இன்னொன்றில் சராசரி 52, விலகல் 12, எடுத்தது 64. இரண்டிலும் இசற் புள்ளி 1 தான். கஷ்டமான பாடத்தில் நடுத்தரமான புள்ளி எடுப்பது பார்ப்பதுபோல் அவ்வளவு நட்டமில்லை. ஆனால் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். கணிதம் கோட்டைவிட்டால் மற்ற இரண்டில் ஏ எடுத்தும் அந்த முறை அனுமதி கிடைக்காது. இந்த ஆபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 6 கிழமை நேர்மையாக உழைத்தும் 30 இலேயே நின்றால் விடுவதுதான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விட்டால் எங்கே? பயோ என்றால் பௌதிகமும் இரசாயனமும் அப்படியே இருக்கும், உயிரியல் மட்டும் புதிது. ஒரு தவணை பிந்தினால் கலமும் உயிரின் இரசாயன அடிப்படையும் தனியே படிக்கவேண்டி வரும், விடுமுறையில் பிடிக்கலாம். இரண்டு தவணை என்றால் மிகக் கஷ்டம். கணக்குக்குப் பயந்து போனால் அங்கேயும் பௌதிகத்தில் காவியும் இரசாயனத்தில் மூல் கணக்கும் காத்திருக்கும் என்று அவளுக்குச் சொல். இரசாயனத்தை விட்டுத் தகவல் தொழினுட்பம் எடுப்பது வேறு முடிவு. கணிதம் இருக்கும், ஆனால் பொறியியல் பீடக் கதவு மூடிவிடும். தொழினுட்பப் பிரிவு நல்ல வழிதான், அங்கேயும் தொழினுட்பத்துக்கான விஞ்ஞானத்தில் கணிதம் உண்டு. வர்த்தகம் என்றால் மூன்று பாடமும் புதிது.

எல்லாவற்றுக்கும் முதல் அவளிடம் ஒன்று கேள்: கணிதம் இல்லாமல் போக முடியாத படிப்பு எதையாவது அவள் விரும்புகிறாளா? பொறியியல் உன் ஆசை என்று எனக்குத் தெரியும். அவளுடைய ஆசை எது என்று உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, மச்சான். போனில் கதைக்கும்போது புள்ளியை விட்டுவிட்டு இதைக் கேள். அவள் சொல்வதை இடையில் வெட்டாதே.

திங்கட்கிழமை உன் மனைவி பள்ளிக்குப் போய், பாடம் மாற எப்போது வரை விடுவார்கள், உயிரியல் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று பகுதித் தலைவரிடம் கேட்கட்டும். அந்தத் திகதி 6 கிழமைக்கு முன் வந்தால், நாங்களும் அதற்கேற்பச் சுருக்குவோம். தவணைப் பேப்பரின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். முன்பக்கப் புள்ளி எனக்கு வேண்டாம். அவள் வெட்டிவிட்டு எழுதிய இடங்களும் பாதியில் விட்ட கணக்குகளும் வடிவாகத் தெரியவேண்டும். ஞாயிறு பின்னேரம் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்