சித்தூர், குடியாத்தம் வட்டார அக்குபங்சர் சிகிச்சையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாமரத்திலிருந்தோ புளியமரத்திலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவரை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில வாரங்களிலேயே உங்களிடம் தூக்கி வருகிறார்கள். (எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு, கால் வராவிட்டால் ஊசி, நம் பக்கத்து வழக்கம் அது.) அவர்களைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஊசியை எடுக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் அந்தக் கால் அசைவு. உள்ளங்காலில் குத்தியதும் பெருவிரல் நிமிர்கிறது, முழங்கால் மடங்குகிறது. கால் வந்துவிட்டதென்று வீட்டார் உடனே காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்கிறார்கள். அது வெறும் அனிச்சைச் செயல். காயத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. மூளையின் பிடி விட்டுப்போனதால் சின்னத் தூண்டலுக்கும் துள்ளுகிறது. சாவி முனையால் கீறினாலும் இதே அசைவு வரும். முதல் சில வாரம் துவண்டு கிடந்த கால் பிறகு இறுகுவதும் காயத்தின் இயல்பான போக்குதான். காலைத் தொடாமல் "பெருவிரலைத் தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று முறை சொல்லி மூன்று முறையும் தூக்கினால் அது அவர் தூக்கியது.

இதைவிட முக்கியம் ஆசனவாய்ச் சோதனை: அங்கே உணர்வு இருக்கிறதா, சுருக்க முடிகிறதா? இருந்தால் காயம் முழுமையானதல்ல, அதாவது மூளையோடு தொடர்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் தானாகவே நல்ல முன்னேற்றம் வரக்கூடும். அதை ஊசியின் கணக்கில் எழுதாதீர்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் இந்த விவரம் இல்லையென்றால், 1966 முதல் வேலூர் பாகாயத்தில் இயங்கும் சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள்.

வலிக்கு ஊசி போடுவது வேறு விஷயம். அதிலும் அளவோடு பேசுவது நல்லது. சக்கர நாற்காலி தள்ளித் தோள் வலி கண்ட 17 பேரிடம் செய்து 2007இல் வெளியான ஒரு சோதனையில், சரியான புள்ளியில் குத்தியவர்களுக்கும் போலியாகக் குத்தியவர்களுக்கும் வலி குறைந்தது. ஆகவே புள்ளிதான் குறைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

காயம் டி6 (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேல் என்றால் ரத்த அழுத்தக் கருவி இல்லாமல் தொடாதீர்கள். இவர்களுக்குச் சாதாரண அழுத்தமே (மேல் எண்) 90 முதல் 110தான். மின்சாரம் பாய்ச்சும் ஊசியோ, நிரம்பிய மூத்திரப்பையோ அதைச் சட்டென்று ஏற்றிவிடும். மண்டை இடிப்பு, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை ஆகியவை அடையாளம். 130 உங்களுக்குச் சாதாரணம், அவருக்கு ஆபத்து. ஊசிகளை எடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்புத் துணியைத் தளர்த்தி, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

உணர்வில்லாத தோலில் மோக்சா (மூலிகை எரித்துச் சூடு வைப்பது), சூட்டு விளக்கு, கப்பிங் (குவளை வைத்துத் தோலை உறிஞ்சுவது) எதுவும் வேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது. புண் ஆற மாதக்கணக்காகும்.

கடைசியாக, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரக்கூடும். நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பதும், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் உங்கள் சிகிச்சை நாளிலும் நடக்க வேண்டும். வரிசையில் காத்திருக்கும்போதுதான் இவை தவறிப்போகின்றன. அவரை முதல் ஆளாக அழையுங்கள்.

இப்படிக்கு,
வீடு தேடிச் சென்று பயிற்சி தரும் இயன்முறையாளர்கள், செவிலியர்கள்