தூரிகையைக் கடித்தபடி வைத்த பெயர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, எழுதக்கூடாது படிக்கக்கூடாது என்று வீட்டில் ஒரே கண்டிப்பு. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன் பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் உலகத்தில் இல்லாத ஒரு பொருளைக் கற்பனை செய்து, அதற்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறாள் என எழுதியிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் இதைத்தான் யோசித்தேன்.

அவளுக்கு ரோபோவின் கதையைச் சொல். செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920-ல் ஒரு நாடகம் எழுதினார். ஆலையில் செய்யப்பட்ட செயற்கைத் தொழிலாளிகளைப் பற்றியது. அவர்கள் இரும்பில் செய்தவர்கள் அல்ல, சதையும் உருவமுமாக மனிதர்களைப் போலவே இருப்பவர்கள். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லபோரி' என்று முதலில் ஒரு பெயர் யோசித்தார். ஏட்டு வாசனை அடித்ததால் மனம் ஒப்பவில்லை. அண்ணன் யோசெப் ஓவியர். அவரிடம் போய்க் கேட்டார். அண்ணன் படம் வரைந்துகொண்டிருந்தார். வாயில் கவ்விய தூரிகையை எடுக்காமலே, 'அப்படியானால் ரோபோட் என்று வை' என்று முணுமுணுத்துவிட்டு வரைவதைத் தொடர்ந்தாராம். பின்னாளில் கரேலே எழுதிய செய்தி இது.

'ரோபோத்தா' என்றால் செக் மொழியில் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யும் கட்டாய உழைப்பு. குடியானவன் தன் நிலத்தைப் போட்டுவிட்டு, வாரத்தில் இத்தனை நாள் என்று பிரபுவின் வயலில் இறங்க வேண்டும். அந்த வழக்கம் 1848-ல்தான் ஒழிந்தது. கரேல் பிறந்தது 1890-ல். முதல் முறை கேட்ட பார்வையாளர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. தாத்தா பாட்டி பட்ட பாடு அந்த ஒரே சொல்லில் இருந்தது.

யோசெப்பின் முடிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாஜிகளை எதிர்த்துக் கேலிச்சித்திரம் வரைந்தவர் அவர். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி, போர் தொடங்கிய அன்றே பிடித்துக்கொண்டு போனார்கள். முகாம் முகாமாக மாற்றினார்கள். கடைசியில் 1945 ஏப்ரலில், பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார். கட்டாய உழைப்பின் பெயரை உலகத்துக்கே கொடுத்தவர் கைதியாகச் செத்தார். இதைப் பேத்தியிடம் இப்போது சொல்லாதே, கொஞ்சம் வளரட்டும்.

எல்லாச் சொல்லும் இப்படி ரத்தத்தில் ஊறி வருவதில்லை. அறிவியல் கதைகள் எழுதிய ஐசக் அசிமோவ் 1941-ல் ஒரு கதையில், ரோபோக்களைப் பற்றிய துறைக்கு 'ரோபோட்டிக்ஸ்' என்று எழுதியபோது, அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல் என்றே நினைத்திருந்தார். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் நொடியில் சேதி அனுப்பும் கருவிக்கு எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1966-ல் தன் கதையில் 'ஆன்சிபிள்' என்று பேர் வைத்தார். கருவி வரவே இல்லை, சொல் மட்டும் மற்ற எழுத்தாளர்களின் கதைகளிலும் புகுந்துவிட்டது.

சரி, நம் பக்கம் வருவோம். நாம் எந்திரன் என்றோம், இயந்திர மனிதன் என்றோம். பெயரில் எந்திரம் வந்தது, உழைக்கிறவன் காணாமல் போனான். ரோபோத்தாவுக்கு நம்மிடமே சொல் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் வரிகளைச் சொல்லும் இடங்களில் அடிக்கடி வரும். ஊருக்கும் அரசுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலை. இன்று வெட்டி என்றால் சும்மா இருப்பவன்! வெட்டியான் என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததே என்பார்கள். அதனால்தான் ரோபோவுக்கு அந்தச் சொல்லை எடுக்க என் கை வரவில்லை. செக்காரர்களுக்கு அது முடிந்துபோன கொடுமை. நம் ஊரில் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

பேத்தி அவசரத்தில் முன்னால் ஒரு 'மின்' ஒட்டிவிட்டு எழுந்துவிடுவாள். விடாதே. மின்னஞ்சல் என்ற சொல் நிலைத்ததென்றால், அஞ்சல் ஏற்கெனவே நம் வாயில் இருந்ததால்தான். நாள் பார்த்துச் சொன்னவரை அந்தக் காலத்தில் கணி என்றார்கள், கணினிக்கு அந்த உறவு இருக்கிறது. அவளுடைய பொருள் யாருடைய வேலையைச் செய்யப்போகிறது, அந்த வேலையைச் செய்பவர்கள் அதை என்ன சொல்லிப் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்டு வரச் சொல். தறிக்காரரிடமோ மீன்காரம்மாவிடமோ பத்து நிமிஷம் பேசினால் அகராதியில் கிடைக்காத சொல் கிடைக்கும்.

எல்லாம் எழுதினாய், அவள் என்ன பொருளைக் கற்பனை செய்திருக்கிறாள் என்று மட்டும் எழுதவில்லையே! அடுத்த கடிதத்தில் அவள் கையாலேயே நாலு வரி எழுதி அனுப்பச் சொல். படிக்கக் கண் தயாராக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்